பழைய ஹேண்ட்பேக்கும் பணியாரக் கல்லும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டிலேயே தோல் நகை

போன மாதம் தோலில் கம்மல் செய்வது பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, சிலதை எடுத்திருக்கிறேன். என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருடம் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவள் நான். நகை செய்வது, வேலையை விட்டபின் பிடித்த பைத்தியம்.

என்னுடைய பழைய ஹேண்ட்பேக்கை வெட்டிக் கம்மல் செய்தேன். ஒரே வாரத்தில் ஓரம் உரிந்து உள்ளே துணி தெரிகிறது. என்ன பசை போட்டு ஒட்டலாம்?
– வாசகி, கரூர்

பசை வேண்டாம்மா. உள்ளே துணி தெரிகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எந்த மாட்டுக்கும் உள்ளே துணி கிடையாது. அது ரெக்ஸின். துணி மேல் பிளாஸ்டிக் பூச்சு. பூச்சு உரியத்தான் செய்யும்.

வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோலாக இருந்தால், தேங்காய் நாரை அமுக்கி வைத்ததுபோல மேலிருந்து கீழ்வரை நார் பின்னிக் கிடக்கும். அடிப்புறத்தை நகத்தால் சுரண்டினால் பஞ்சு மாதிரி எழும்பும். ரெக்ஸினில் இழை இழையாக நெசவு தெரியும், அல்லது வெறும் நுரை மாதிரி இருக்கும். நெருப்புக் குச்சி வைத்துச் சோதிக்கச் சொல்லும் வீடியோக்களை நானும் பார்த்தேன். பிளாஸ்டிக் புகையை வீட்டுக்குள் எதற்கு மூக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? ஓரமே சொல்லிவிடும்.

பையைத் தூக்கிப் போட வேண்டாம். அச்சு வரைந்து வெட்டிப் பழக அதைவிட நல்ல பொருள் இல்லை. நிஜத் தோல் வேண்டுமென்றால் வீட்டில் வேறு இடத்தில் தேடுங்கள்: அப்பாவின் பழைய வாட்ச் பட்டை, தேய்ந்துபோன தோல் செருப்பின் வார், யாரும் போடாத ஷூவின் மேல்பாகம்.

தோலை நனைத்து, அச்சு வைத்துச் சுத்தியால் அடித்தேன். மாங்காய் டிசைன் அழகாக விழுந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி காணோம், மறுநாள் முழுசாகவே காணோம். நான் என்ன தப்பு செய்தேன்?
– கல்லூரி மாணவி, மதுரை

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, தோல்தான் வேறு. வந்த கடிதங்களில் பாதிக்கு இதுதான் பதில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பச்சைத் தோலை அழுகாமல் பதப்படுத்த இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று மரப்பட்டை. நம் ஊரில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். பிறகு ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் சீகை மரம் என்கிறார்களே, அந்த மரத்தின் பட்டைதான். இந்தத் தோலுக்கு வியாபாரத்தில் இ.ஐ. லெதர் என்று பெயர், ஈஸ்ட் இந்தியா லெதர். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கமெல்லாம் இதற்குப் பேர்போன ஊர்கள். மதுரையில் இருந்துகொண்டு திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும் மட்டும்தான் என்று நினைத்திருப்பீர்கள்!

இன்னொரு வழி குரோம் உப்பு. சென்னையில் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் ஆகிவிடும், நன்றாக மடங்கும். கடையில் கிடைக்கும் பர்ஸ், ஷூ, ஜாக்கெட் பெரும்பாலும் இதுதான். ஆனால் இது ரப்பர் மாதிரி, அழுத்தினால் அழுந்தும், விட்டால் பழையபடி எழும்பிவிடும். உங்கள் மாங்காய் போன இடம் அதுதான். மரப்பட்டையில் பதப்படுத்தியது, அதாவது பட்டைத் தோல், ஈரமாக இருக்கும்போது களிமண் மாதிரி. வைத்த அடி அப்படியே நிற்கும்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பட்டைத் தோல் உடனே குடித்துக்கொண்டு அந்த இடம் கருக்கும். குரோம் தோலில் சொட்டு பெரும்பாலும் உருண்டு நிற்கும். பெயின்ட் அடித்த தோலில் இந்தச் சோதனை ஏமாற்றும், அப்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோம். பழுப்பாக, பனைவெல்லத் துண்டு நிறத்தில் இருந்தால் பட்டை.

சரி, பட்டைத் தோல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாஞ்சால் முன்னும் பின்னும் முழுசாக நனையுங்கள். பாதி மட்டும் நனைத்தால் வளையம் வளையமாகக் கறை விழும். நனைத்த கையோடு அடிக்காதீர்கள். மேல் நிறம் திரும்பி வெளுக்க ஆரம்பிக்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். அதிக ஈரத்தில் அடித்தால் அச்சு மொழுக்கென்று விழும், காய்ந்ததில் அடித்தால் பதியவே பதியாது. இரும்புச் சுத்தி வேண்டாம், கட்டைச் சுத்தி போதும். அச்சுக்கென்று காசு செலவழிக்க வேண்டியதில்லை. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, பித்தளை முறுக்கு அச்சின் வில்லை, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா எல்லாமே அச்சுதான். ஐந்து புள்ளிக் கோலத்தை மை தீர்ந்த ரீஃபில்லால் இழுத்துப் பாருங்கள், நகைக்கடைக்காரரே நின்று பார்ப்பார்.

எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது? ஆன்லைனில் தோல் வேலைக்கான கிட் ஒன்று பார்த்தேன். விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.
– வாசகி, விழுப்புரம்

மூடியது நல்லது. அதில் இருக்கும் முப்பது சாமானில் இருபத்தைந்தைத் தொடவே மாட்டீர்கள்.

சென்னை வரும்போது பெரியமேடு போங்கள், தெரு முழுக்கத் தோல் கடைதான். எங்கள் பக்கம் வந்தால் ஆம்பூர், வாணியம்பாடியில் துண்டுத் தோலை எடை போட்டே கொடுப்பார்கள். முழுத் தோல் சதுர அடிக் கணக்கு. அரை சதுர அடியில் பத்து ஜோடிக் கம்மல் தாராளமாக வரும். கடையில் தடிமனைச் சொல்லிக் கேளுங்கள். கம்மலுக்கு 1 மில்லிமீட்டர், கைப்பட்டைக்கு 1.5 முதல் 2, பெல்ட்டுக்கு 3-க்கு மேல். தடிமன் சொல்லாமல் ‘நல்ல தோலாகக் கொடுங்கள்’ என்று கேட்டால், அவர் கையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் நல்ல தோல்.

சாமான்: புது பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், சக்கரம் சுற்றும் ஓட்டை பிளையர், ரப்பர் சொல்யூஷன், ஒரு கட்டைச் சுத்தி. பிளேடு மழுங்கினால் உடனே ஒடித்துவிட்டு அடுத்த முனைக்குப் போங்கள். மழுங்கின பிளேடுதான் விரலை வெட்டும், ஏனென்றால் அதைத்தான் அமுக்குவோம். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் மூன்று இழுப்பில் அறுங்கள்.

ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டியிருந்தால் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோங்கள். அவர் கத்தி பிடிக்கும் சாய்வைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

இரண்டு கம்மலும் ஒரே அச்சில்தான் வெட்டினேன். ஒன்று விறைப்பாக நிற்கிறது, இன்னொன்று தொளதொளவென்று தொங்குகிறது.
– வாசகி, நாகர்கோவில்

கட்டிங்கில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொன்னது: ‘ஜோடி பார்த்து வெட்டு.’ தோல் துணி மாதிரி ஒரே சீராக இருக்காது. முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, கழுத்தில் சுருக்கம். இடது கால் ஷூவை முதுகிலும் வலது காலை வயிற்றிலும் வெட்டினால் ஆறு மாதத்தில் ஒரு கால் மட்டும் வாயைப் பிளக்கும். கம்மலுக்கும் அதே கதைதான். தோலை இரண்டு கையால் நீளத்திலும் அகலத்திலும் இழுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் அதிகம் கொடுக்கிறது என்று கைக்கே தெரியும். கம்மலின் நீளம் இழுபடாத பக்கமாக வர வேண்டும். இரண்டையும் ஒட்டி ஒட்டி, அடுத்தடுத்த இடத்தில் வெட்டுங்கள். இரண்டாவதுக்கு அச்சைத் திருப்பிப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டு மாங்காயும் ஒரே பக்கம் பார்க்கும்.

தோலில் ஜிமிக்கி செய்ய முடியுமா? தட்டையான கம்மல் போட்டு அலுத்துவிட்டது.
– வாசகி, தஞ்சாவூர்

முடியும். பட்டைத் தோலில் மட்டும். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக வெட்டி, பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஒரு குழியில் வைத்துக் கோலிக்குண்டால் அமுக்கி, மேலே கனம் வைத்து விட்டுவிடுங்கள். ஒரு ராத்திரி நிழலில் காய்ந்தால் கிண்ணம் மாதிரி விறைத்து நிற்கும். நடுவில் ஒரு ஓட்டை, ஒரு முத்து, ஒரு கொக்கி. ஜிமிக்கி முடிந்தது.

குழிக்கு எங்கே போவது? நான் அம்மாவின் இரும்புப் பணியாரக் கல்லை எடுத்தேன். ஏழு குழி, ஏழு ஜிமிக்கி, கணக்கு சரியாக இருந்தது. காலையில் பார்த்தால் தேன் நிறத்தில் வைத்த ஏழும் கருநீலமாகக் கிடந்தன. அம்மா அதைவிடக் கருத்துப்போய் நின்றாள். ‘பணியாரக் கல்லுலயா தோலை வச்சே?’ புளியும் சாம்பலும் போட்டு மூன்று முறை தேய்த்தாள். அதற்கப்புறம் அந்தக் கல்லில் எங்கள் வீட்டில் பணியாரம் ஊற்றியதே இல்லை. புதுக் கல் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் சமையலுக்கு ஆகாத பிளாஸ்டிக் முட்டைத் தட்டோ, குழிவான மரக்கரண்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். பட்டைத் தோல் ஈரத்தோடு சூடு கண்டால் சுருண்டு, அப்பளம் மாதிரி விறைத்து ஒடியும்.

கறுப்புக் கழுத்தணி செய்தேன். ஷூ பாலிஷ் போட்டேன். வெயிலில் போனால் கழுத்தெல்லாம் கறுப்பு. சாயம் நிற்க என்ன வழி?
– வாசகி, திருப்பூர்

சாயப்பட்டறை ஊரிலிருந்து என்னிடம் சாயம் கேட்கிறீர்கள்! பாலிஷ் என்பது மெழுகில் குழைத்த நிறம். அது தோலின் மேலே உட்காருமே தவிர உள்ளே இறங்காது. வியர்வை பட்டால் உங்கள் கழுத்துக்கு மாறிவிடும்.

மேலே சொன்ன பணியாரக் கல்தான் உங்களுக்கும் பதில். பட்டைத் தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான். துணியைக் கடுக்காயில் நனைத்து வைத்து, இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த கரைசலால் வரைவார்கள். பேனா பட்ட இடம் கறுக்கும். தோலில் துவர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, இரும்பு மட்டும் கொடுத்தால் போதும்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சோப்புத் தண்ணீரில் அலசி எண்ணெய் போக்கிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் நார் உதவாது. கால் லிட்டர் வெள்ளை வினிகரில் அதைப் போட்டு ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். குழந்தை கை எட்டாத இடம் முக்கியம். வடிகட்டி, துணியால் தோலில் ஒரு பூச்சு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகி, அப்புறம் கறுக்கும். சமையல் சோடா ஒரு ஸ்பூன் கரைத்த தண்ணீரால் துடைத்துப் புளிப்பைப் போக்கி, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். காய்ந்தபின் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து உருக்கிய களிம்பைக் கொஞ்சமே கொஞ்சம் தேயுங்கள். இந்தக் கறுப்பு தோலுக்குள்ளேயே உண்டானது, கழுத்துக்கு வராது. செய்யும்போது மட்டும் பழைய நைட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

குரோம் தோலில் இது வேலை செய்யாது. ஒரு வாரம் வினிகர் வாசனையில் இருந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

தோல் கம்மல் போட்டால் காது அரிக்கிறது. தோல் ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, சேலம்

முதலில் கொக்கியைச் சந்தேகப்படுங்கள். மலிவான கொக்கியில் இருக்கும் நிக்கல் பலருக்கும் ஆகாது. வெள்ளிக் கொக்கி மாற்றிப் பாருங்கள். அரிப்பு காது மடலில் தோல் உரசும் இடத்தில் வந்தால் தோலும் காரணமாக இருக்கலாம். சரியாகப் பதப்படுத்தாத குரோம் தோலில் குரோமியம் ஆறு என்ற வகை உண்டாகும், அது ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-லிருந்து, உடம்பில் படும் தோல் பொருளில் அது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது. எங்கள் கம்பெனியில் அந்த ரிப்போர்ட் இல்லாமல் ஒரு கட்டுத் தோல் உள்ளே வராது. துண்டுத் தோலுக்கு யார் ரிப்போர்ட் கொடுக்கப்போகிறார்கள்? அதனால் காதுக்கும் கழுத்துக்கும் நான் பட்டைத் தோலே எடுக்கிறேன். புண்ணாகிவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

ஒரு கைப்பட்டை பார்த்தேன். மூன்று கால் பின்னல், ஆனால் மேல்முனை கீழ்முனை இரண்டும் வெட்டாமல் ஒரே தோலாக இருக்கிறது. எப்படிப் பின்னினார்கள் என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறேன்.
– வாசகர், திருநெல்வேலி

எனக்கு இது பிடிபட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. 22 சென்டிமீட்டர் நீளம், 2.5 அகலம் உள்ள பட்டை எடுங்கள். இரண்டு முனையிலும் 2 சென்டிமீட்டர் விட்டுவிட்டு, நடுவில் நீளவாக்கில் இரண்டு கீறல். இப்போது மூன்று கால், முனைகள் மூடியபடி. கீறல் முடியும் நான்கு இடத்திலும் சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து கிழியும். தண்ணீரில் முக்கி இளக்கிக்கொள்ளுங்கள்.

மேல்முனையைப் பலகையில் கிளிப் போட்டுப் பிடித்து, தங்கச்சிக்குச் சடை போடுவதுபோல வலது, இடது, வலது, இடது என்று ஆறு மாற்று பின்னுங்கள். மேலே சடை விழ விழக் கீழே அதே சடை தலைகீழாகச் சிக்கிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம். பின்னிய பாகத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ்முனையை அந்தச் சிக்கலில் தெரியும் சந்து வழியாக நுழைத்து இழுங்கள். ஒரு முறுக்கு அவிழும். அடுத்த சந்தைப் பார்த்து மறுபடி நுழையுங்கள். மூன்று காலும் படுத்துக்கொள்ளும். மீண்டும் ஆறு மாற்று, மீண்டும் அவிழ்ப்பு.

ரகசியம் அந்த ஆறில்தான். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்றுதான் நிறுத்த வேண்டும். ஒன்பதில் நிறுத்தினால் எத்தனை சந்தில் நுழைத்தாலும் முறுக்கு போகாது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தது ஒன்பதில். கடைசியில் சடையைச் சீராக நீவி, ஈரத்தோடு ஒரு டம்ளரைச் சுற்றிக் கட்டிக் காயவையுங்கள். எவர்சில்வர் டம்ளர் பரவாயில்லை. பின்னினால் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறையும், டிச் பட்டன் வைக்கும் இடத்தை அதற்கப்புறம் குறியுங்கள்.

நான் செய்த தோல் கம்மலைப் போட்டுக்கொண்டு பூஜை அறைக்குள் போகக் கூடாது என்கிறார் மாமியார். என்ன சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

ஒன்றும் சொல்ல வேண்டாம், கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அவர் பூஜை அறை, அவர் வழக்கம்.

எனக்குள் இருப்பதைக் கேட்டால் சொல்கிறேன். சாமி புறப்பாட்டில் முழங்கும் தவிலில் இருப்பதும் தோல்தான். கச்சேரி மிருதங்கத்தில் மாடு, எருமை, ஆடு என்று மூன்று தோலும் உண்டு. அது தீட்டில்லை. தோலைப் பதப்படுத்தியவர்களை மட்டும் ஊருக்கு வெளியே வைத்தார்கள். என் தாத்தா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதப்படுத்தும் இடத்தில், வேலை பார்த்தவர். அவருக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்த கடையை எனக்குத் தெரியும். நான் செய்த கம்மலை அந்தத் தெருப் பெண்கள் இன்று கேட்டு வாங்கிப்போகிறார்கள். உங்கள் மாமியாருக்கு ஒரு மிருதங்கக் கச்சேரி டிக்கெட் வாங்கிக் கொடுங்கள், போதும்.

மழைக்காலம் வந்தாலே எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல்தான் போட்டு வைக்கிறேன்.
– வாசகி, ஊட்டி

அந்தக் கவர்தான் வம்பு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை. ஈரமில்லாத துணியால் வெளியில் வைத்துத் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சை அடுத்த பொருளுக்குப் போகும். நிழலில் காற்றாட ஒரு நாள் விட்டு, பழைய காட்டன் பிளவுஸ் துணியில் பை தைத்துப் போட்டு வையுங்கள். பட்டுப் புடவைப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இருந்தால் ஒன்று கூடவே. எண்ணெயை அள்ளித் தேய்க்காதீர்கள், பூஞ்சைக்கு அதுவும் சாப்பாடுதான். உங்கள் ஊரில் வெயில் அடிக்கும் நாளில் எல்லோரும் கம்பளியை எடுத்து வெளியே போடுவீர்களே, அன்றைக்குக் கம்மலையும் எடுத்துப் போடுங்கள். கம்பளிக்கு வெயில், கம்மலுக்கு நிழல்.